அண்ணாச்சி கேட்ட கடற்கரை

1993 பிப்ரவரி 16, செவ்வாய். கப்பலில்.

காலையிலிருந்து மூன்று தடவை வாந்தி. நான்காவது தடவைக்கு வயிற்றில் சரக்கு இல்லாததால் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கப்பலில் என்னைத் தவிர எல்லோரும் நிம்மதியாக இட்லி தின்கிறார்கள்.

நான் ஏன் அந்தமானுக்குப் போகிறேன் என்று எழுதி வைக்கிறேன். பின்னால் படித்தால் சிரிப்பு வரும். போன வருடக் காலண்டருக்கு நான் எடுத்த கடற்கரைப் படம் நன்றாகத்தான் இருந்தது. அச்சான பிறகுதான் தெரிந்தது, வலது ஓரத்துப் பாறை மறைவில் ஒருவன் வேட்டியைத் தூக்கிக்கொண்டு குந்தியிருக்கிறான். நாற்பதாயிரம் தாள் அச்சாகி, நகைக்கடை ஒன்று ஊர் முழுக்கக் கொடுத்து முடித்துவிட்டது. சிவகாசியில் எதிர்க் கம்பெனிக்காரர்கள் இன்னும் என்னைப் பார்த்தால் குந்திக் காட்டுகிறார்கள்.

எங்கள் முதலாளி ஞானகுருசாமி அண்ணாச்சி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஏஜென்ட்டுகளுக்குக் காட்டும் மாதிரிக் காலண்டர் ஆல்பத்தை மூடி வைத்துவிட்டு, "கனகவேலு, அடுத்த வருசத்துக்கு மனுசக் கால்தடமே இல்லாத கடற்கரை எனக்கு வேணும். மேல டச்சிங் போட்டு மறைக்கிற சோலியெல்லாம் வேண்டாம். ஆடிப் பதினெட்டுக்கு ஆல்பம் வெளிய போகணும். கொண்டாந்தா நீ படக்காரன். இல்லன்னா தீப்பெட்டி லேபிள் பக்கம் போயி உக்காந்துரு" என்றார்.

பதினெட்டு வருடம் காலண்டருக்குப் படம் எடுத்தவன் தீப்பெட்டிக்குக் கோழி வரைவதா? அதற்கு இந்தக் கப்பலிலிருந்து குதித்துவிடலாம்.

பிப்ரவரி 24, புதன்.

கிடைத்துவிட்டது!

போர்ட் பிளேரில் நாலு நாள் விசாரித்தேன். எல்லோரும் காட்டிய கடற்கரைகளில் எல்லோரும் இருந்தார்கள். கடைசியில் மீன் ஏலக் கூடத்தில் கஸ்பார் என்பவரைப் பிடித்தேன். ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து அப்பா காலத்தில் வந்த குடும்பம். போர்ட் பிளேர் இருக்கும் பெரிய தீவிலிருந்து படகில் இரண்டு மணி நேரத் தொலைவில் ஒரு குட்டித் தீவு. ஒரு தென்னந்தோப்பைக் காவல் பார்த்துக்கொண்டு அவரும் மனைவியும் மட்டும் அங்கே இருக்கிறார்கள். "அங்க என்னத்தப் படம் எடுக்கப் போறீக? ஒண்ணுமே இல்லையே சார்" என்றார். ஐயா, அந்த ஒன்றுமில்லாததுக்குத்தான் வந்திருக்கிறேன் என்றேன்.

படகில் அவர் மனைவி ரெஜினாளும் வந்தாள். கோயிலுக்குப் போய் வருகிறார்களாம். இருவர் நெற்றியிலும் சாம்பல். வேதக்காரர்கள் எப்போதிலிருந்து திருநீறு பூச ஆரம்பித்தார்கள் என்று கேட்டேன். இன்றைக்கு விபூதிப் புதன், தபசு காலம் தொடங்குகிறது, நாற்பது நாள் கவுச்சி இல்லை என்றாள். உங்களுக்கு மட்டும் மீன் வைக்கிறேன் என்றும் சொன்னாள். நல்ல பெண்.

தீவு நெருங்கியதும் கஸ்பார் இன்ஜினை அடக்கிவிட்டு எழுந்து நின்றார். தண்ணீருக்கு அடியில் தீவைச் சுற்றிப் பவளப்பாறை சுவர் போல நிற்கிறது. பாரு என்கிறார்கள். அதில் ஒரே ஓர் இடத்தில்தான் படகு நுழைய இடைவெளி.

"மணல்ல ஒரு கம்புல செவப்புச் சீலை பறக்குதா? அதுக்குப் பின்னால மேட்டுல சுண்ணாம்பு அடிச்ச மரம் தெரியுதா? ரெண்டும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு மறையணும் சார். மறைஞ்சா அதுதான் வாசல். கொஞ்சம் வெலகுனாலும் பாரு அடிவயித்தக் கிழிச்சிரும்."

"பழகின ஆளுக்குக் கம்பு எதுக்கு?"

"காலையில வந்தா சூரியன் நேரா மூஞ்சில அடிக்கும். கரையே தெரியாது. சீலைதான் கண்ணு."

முன்னால் ஒன்றையும் பின்னால் ஒன்றையும் நேராக நிறுத்துவதுதான் என் தொழிலும் என்றேன். சிரித்தார். முன்பல் ஒன்று இல்லை.

கடற்கரையைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது. பிறை வடிவில் அரை மைல் வெள்ளை மணல். ஒரு பீடித்துண்டு, ஒரு செருப்பு, ஒரு நாய் கிடையாது. நான் சாமி கும்பிடுகிற ஆளில்லை, ஆனாலும் கை குவிந்துவிட்டது. உடனே செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாகவே நடந்தேன். நடுமணலை நான் மிதித்துக் கெடுக்கக் கூடாது.

தேங்காய்க் கொட்டகையில் படுக்கை. மணல் என் வாசலிலேயே தொடங்குகிறது. அவர்கள் குடிசை தோப்புக்கு உள்ளே.

பிப்ரவரி 25, வியாழன்.

விடிந்ததும் கஸ்பார் மீனுக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமைதான் வருவாராம்.

எட்டு மணிக்கு வெயில் தோப்பைத் தாண்டி மணலில் விழுகிறது. அப்போது கடல் பாட்டில் பச்சையாக மாறுகிறது. அந்த இருபது நிமிடம்தான் படம். கேமராவில் கண்ணை வைத்தால் நட்டநடுவில் அந்தக் கம்பு! சிவப்புச் சேலை வேறு. தேர்தல் கொடிக்கம்பம் மாதிரி. எந்தக் கோணத்தில் வைத்தாலும் உள்ளே வந்து நிற்கிறது.

ரெஜினாளிடம் கேட்டேன். சற்று யோசித்தாள். "இன்னைக்கு அவுக வர மாட்டாக. எடுத்துக்கிருங்க சார். ஆனா அதே குழியில திருப்பி நட்டுறணும்." அவளே கம்பைப் பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டு போனாள். குழியை மணலால் மூடி, ஓரத்தில் அடையாளமாக மூன்று சங்கு வைத்தாள். பிறகு தென்னை ஓலையால் தன் கால்தடத்தைத் தானே அழித்துக்கொண்டு பின்பக்கமாக நடந்துபோனாள். கற்றுக்கொடுக்காமலே இந்த வேலை அவளுக்கு வருகிறது. நானும் செய்து பார்த்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

எட்டு மணிக்கு மேகம். படம் இல்லை. சாயங்காலம் கம்பு குழிக்குப் போனது.

பிப்ரவரி 26, வெள்ளி.

மறுபடி கம்பை எடுத்தாள். வெயில் வந்தது. ஒரு ரோல் எடுத்தேன். ஆனால் மனசு நிறையவில்லை. வெறும் மணல், வெறும் தண்ணீர், கண் உட்கார ஓர் இடம் இல்லை. அண்ணாச்சி பார்த்தால், "பெயிண்ட் கடை அட்டை மாதிரி இருக்கு" என்பார்.

மத்தியானம் ரெஜினாள் கொடுவா மீன் குழம்பு கொண்டுவந்தாள். அவள் சாப்பிடுவது கஞ்சியும் தேங்காய்த் துவையலும்தான். உன் சீலை நன்றாக இருக்கிறது, கம்பில் ஏன் கட்டினாய் என்று கேட்டேன். "கல்யாணத்துக்கு எடுத்ததுல ரெண்டாவது சீலை. வேற துணி வெயில்ல வெளுத்துப் போகுது சார். இதுதான் நிக்குது" என்றாள். கல்யாணமாகி ஆறு வருடம். பிள்ளை இல்லை. நான் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள்.

பிப்ரவரி 27, சனி.

காலையில் மழை. எரிச்சல். கேமராப் பையில் பூஞ்சை பிடித்திருக்கிறது. கைலியைத் துவைத்தேன்.

சாயங்காலம் மழை விட்டதும் கடல் எனக்கு ஒரு பரிசு போட்டது. பெரிய அடிமரம் ஒன்று எங்கிருந்தோ மிதந்து வந்து மணலில் ஒதுங்கியிருக்கிறது. உப்பில் ஊறி வெள்ளி நிறம். ஒரு கிளை வளைந்து மேலே நிற்கிறது. கண் உட்கார இடம் கேட்டேனே! ரெஜினாள் பார்த்துவிட்டு, "அவுக வந்து அறுத்தா ஒரு மாசத்துக்கு வெறகு" என்றாள். தொடாதே தாயே என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

நாளைக் காலையில் ஒரே ஒரு முறை கம்பை எடுக்க வேண்டும் என்றேன்.

"நாளைக்கு வேண்டாம் சார். அவுக வர்ற நாளு."

"எப்ப வருவாரு?"

"சாயங்காலம்தான் வருவாக. மீன் நெறைய கெடச்சா காலையிலயே வந்துருவாக. சொல்ல முடியாது. நாளைக்கு மட்டும் வேண்டாம்."

சரி என்றேன். ஆனால் காலையில் நான் கூப்பிடும்வரை மணலில் கால் வைக்கக் கூடாது என்று அவளிடம் உறுதி வாங்கிக்கொண்டேன். தலையாட்டினாள். சொன்னால் சொன்னபடி நிற்கிற பெண். திங்கட்கிழமை எனக்குத் திரும்பப் படகு. அதற்குப் பிறகு தீப்பெட்டிக் கோழி.

பிப்ரவரி 28, ஞாயிறு. காலை ஏழரை.

வானம் துடைத்து வைத்தது போல இருக்கிறது. பதினெட்டு வருடத்தில் இப்படி ஒரு காலை எனக்கு அமைந்ததில்லை. கட்டை அதே இடத்தில் கிடக்கிறது. கடலில் ஒன்றும் இல்லை, நன்றாகப் பார்த்துவிட்டேன்.

கம்பை எடுக்க மாட்டேன் என்று சொன்னேன். எடுக்கவில்லை. படத்துக்கு வெளியே, என் கொட்டகைப் பக்கமாக நாற்பது அடி தள்ளி நட்டிருக்கிறேன், அவ்வளவுதான். சீலை பறந்துகொண்டுதான் இருக்கிறது. தோப்புக்குள்ளிருந்து பார்த்தால் அவளுக்கும் சிவப்பு தெரியும், மனசு நிம்மதியாக இருக்கும். பன்னிரண்டு படம் எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? அவர் சாயங்காலம் வருவார். கால்தடத்தை ஓலையால் அழித்துவிட்டேன். இன்று இடுப்பு பிடிக்கவில்லை.

இதோ வெயில் தோப்புத் தலைக்கு வந்துவிட்டது.

பிப்ரவரி 28. மாலை.

இன்று எழுத ஒன்றும் இல்லை.

மார்ச் 1, திங்கள்.

கஸ்பார் போய்விட்டார்.

நேற்றுக் காலை எட்டரை மணி வாக்கில் படகு பாருவில் மோதிப் பிளந்தது. சத்தம் கேட்டதும் ஓடினேன். ரெஜினாளும் ஓடிவந்தாள். அவள் நீந்திப் போனாள். எனக்கு நீச்சல் தெரியாது. படகின் பாதி கிடைத்தது, பிளாஸ்டிக் கேன் கிடைத்தது, ஆள் இல்லை. நேற்று அலையும் இருந்தது. பின்னேரம் அவ்வழியே போன ஒரு படகைக் கைகாட்டி நிறுத்திப் பெரிய தீவுக்குச் சொல்லி அனுப்பினோம்.

இன்று காலை உடல் ஒதுங்கியது. அந்தக் கட்டைக்குப் பக்கத்திலேயே. நெற்றி பிளந்திருந்தது. எனக்குத்தான் முதலில் தெரிந்தது. என் வாசல் அல்லவா.

நாற்பது பேர் படகுகளில் வந்தார்கள். பங்குச் சாமியார், ஒரு போலீஸ்காரர், உறவுக்காரர்கள். மணல் முழுக்கக் கால்தடம். எனக்கு ஒரு பக்கம் வயிறு எரிந்தது. இன்னொரு பக்கம், ஏன் பொய் சொல்ல வேண்டும், நல்லதாகவும் பட்டது.

கம்பு அதன் குழியில்தான் இருந்தது. எல்லோரும் பார்த்தார்கள். போலீஸ்காரரும் எழுதிக்கொண்டார். சூரியன் கண்ணை மறைத்திருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்ல?

மார்ச் 3, புதன்.

நேற்று அடக்கம். பெரிய தீவில்தான் கல்லறை. நானும் போனேன், ஒரு பிடி மண் போட்டேன். விரல் இடுக்கில் ஒட்டிக்கொண்டது.

கிளம்பும்போது ரெஜினாள் என்னிடம் வந்தாள். அழுது முடித்த முகம். அப்படி ஒரு அமைதியை நான் எங்கும் பார்த்ததில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

"கம்பத் தொட்டீகளா சார்?"

"நீ வேண்டாம்னு சொன்ன பிறகு தொடுவேனாம்மா?"

"அவுகளுக்கு அந்த வாசல் தெரியாம இல்ல. ஆறு வருசம் வந்த வழி."

"வெயில்மா. கண்ணு கூசியிருக்கும்."

"ம்" என்றாள். பிறகு, "நான் மணல்ல கால் வைக்கல சார். நீங்க சொன்ன மாதிரி உள்ளயே இருந்தேன்" என்றாள்.

அதை ஏன் என்னிடம் சொன்னாள்? பழி போடுகிறாளா? நான் என்ன அவளைக் கட்டியா போட்டேன்? கோபம் கோபமாக வந்தது. நூறு ரூபாய் கொடுத்தேன். வாங்கவில்லை.

மார்ச் 9, செவ்வாய். கப்பலில்.

இந்த முறை வாந்தி இல்லை. வெறும் வயிறுதான்.

இங்கே யாரும் படிக்கப் போவதில்லை, அதனால் எழுதுகிறேன். சத்தம் கேட்டதும் ஓடினேன் என்று எழுதியிருந்தேன். ஓடினேன்தான். கம்பை நோக்கி ஓடினேன். பிடுங்கிக் கொண்டுபோய்ச் சங்கு இருந்த இடத்தில் நட்டேன். அதற்குப் பிறகுதான் ரெஜினாளைக் கூப்பிட்டேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அவர் தண்ணீரில் கிடந்து ஏதோ கத்தினார். என்ன கத்தினார் என்று புரியவில்லை. கம்பை முதலில் நட்டால் அவர் அதைப் பார்த்து நீந்தி வருவார் என்று நினைத்தேன்.

அப்படித்தான் நினைத்தேன் என்று நினைக்கிறேன்.

படகு வருவதைக் கண்டேனா? கேமராவில் கண் இருக்கும்போது கண்ணுக்கு வேறு வேலை கிடையாது. எந்தப் படக்காரனைக் கேட்டாலும் சொல்வான்.

ஏப்ரல் 2, வெள்ளி. மெட்ராஸ்.

ஸ்லைடு கழுவி வந்துவிட்டது. வெளிச்சப் பெட்டியில் வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன்.

பன்னிரண்டு படம். முதல் மூன்றில் கடல் காலி. நான்காவதில் பாருவுக்கு அப்பால் ஒரு புள்ளி. ஏழாவதில் அந்தப் புள்ளி படகு. ஒன்பதாவதில் படகில் ஒரு ஆள் எழுந்து நிற்கிறார். பன்னிரண்டாவதில் கை நெற்றிக்கு மேல் இருக்கிறது, வெயிலை மறைக்க.

ஒன்பதுக்குப் பிறகும் மூன்று படம் எடுத்திருக்கிறேன்.

லாட்ஜ் குளியலறையில் வைத்து ஏழிலிருந்து பன்னிரண்டு வரை கொளுத்தினேன். பிலிம் நாற்றம் சட்டையை விட்டுப் போகவில்லை. பிறகு கீழே போய்ச் சாப்பிட்டேன். பசித்தது.

ஏப்ரல் 6, செவ்வாய். சிவகாசி.

அண்ணாச்சி ஆறு படத்தையும் பார்த்தார். நான்காவதை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். அதில்தான் அலை கண்ணாடி மாதிரி மடிந்து நிற்கிறது. மற்றதில் இல்லை.

"ஏய், இதுல ஒரு காக்காக் காலடிகூட இல்லையேப்பா! அந்தக் கட்டை இருக்கு பாரு, அதுதான் உசுரு. அது மேல எழுத்து ஓடக் கூடாது, சொல்லிட்டேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பதினெட்டு வருடத்தில் அவர் என் தோளில் கை போட்டது இதுதான் முதல் தடவை.

சாயங்காலம் டச்சிங் போடும் பால்பாண்டி கூப்பிட்டார். "அண்ணே, கடல் கோட்டுல படகு மாதிரி ஒரு புள்ளி கெடக்கு. எடுத்துரவா? அண்ணாச்சி தொடாதன்னு சொன்னாரு."

"தூசிதான். எடுத்துரும்" என்றேன். தூரிகையால் ஒரு தொடு. போய்விட்டது.

ஆடிப் பதினெட்டு.

ஆல்பம் வெளியானது. பூஜைக்கு வந்த ஏஜென்ட்டுகள் எல்லோரும் முதலில் திருப்பியது நம் படத்தைத்தான். எதிர்க் கம்பெனி சுடலைமணி வந்து, "எந்த ஊருவே இது? சொர்க்கமா?" என்றான். குந்திக் காட்டவில்லை. அறுபதாயிரம் ஆர்டர். படத்துக்குக் கீழே தினசரித் தாள் தைத்து வரும். தாள் தினமும் கிழியும், படம் வருடம் முழுக்கச் சுவரில் இருக்கும்.

அண்ணாச்சி, "யாரெல்லாம் உனக்கு ஒத்தாசை பண்ணாங்களோ, பேரைக் குடு. ஆளுக்கு ஒரு காலண்டர் போட்டு விடுவோம்" என்றார். அது அவருடைய வழக்கம். அங்கே யாரும் இல்லை அண்ணாச்சி என்றேன்.

1994 ஜனவரி 21, வெள்ளி.

ரெஜினாளிடமிருந்து ஒரு இன்லண்டு லெட்டர்.

நான் பெயர் கொடுக்கவில்லை. என் செலவுச் சீட்டில் 'கஸ்பார், படகு வாடகை' என்று பெயரும் ஊரும் பார்த்துவிட்டு அண்ணாச்சியே கஸ்பார் பெயருக்கு அனுப்பியிருக்கிறார். மனிதருக்கு எதிலும் ஒரு முறை உண்டு. இறந்தவர் பெயருக்குப் போன காலண்டர் அவள் கையில் சேர்ந்திருக்கிறது. கம்பெனி முகவரி அடியிலேயே அச்சாகியிருக்குமே.

கடிதத்தில் நாலே வரி. நலம். இப்போது பெரிய தீவில் மீன் காயவைக்கும் வேலைக்குப் போகிறாள். படம் நன்றாக இருக்கிறது. 'இது எந்தக் கிழமை எடுத்தது சார்?'

விடுவேனா? அந்த வாரத்தில் இரண்டு நாள் அவளே தன் கையால் கம்பைப் பிடுங்கியிருக்கிறாள். படத்தில் கம்பு இல்லை என்றால் அந்த நாளாகத்தானே இருக்க வேண்டும்? வெள்ளிக்கிழமை எடுத்தது என்று உடனே கார்டு போட்டேன். காரியம் முடிந்தது. மனசு லேசாக இருக்கிறது. சாயங்காலம் வீட்டுக்கு அல்வா வாங்கிப் போனேன்.

பிப்ரவரி 22, செவ்வாய்.

இன்று தபாலில் ஒரு கவர். கம்பெனியில் எல்லோருக்கும் முன்னால் பிரித்துவிட்டேன்.

காலண்டர் படத்தை அட்டையிலிருந்து உரித்து எட்டாக மடித்து அனுப்பியிருக்கிறாள். மணலில், கம்பு இருக்க வேண்டிய இடத்தில், சிவப்புப் பேனாவால் நேராக ஒரு கோடு. அளந்து போட்டது போலச் சரியான இடம். கட்டையைச் சுற்றி ஒரு வட்டம். வட்டத்துக்குப் பக்கத்தில் எழுதியிருக்கிறாள்:

'இந்தக் கட்டை சனிக்கிழமை சாயங்காலம்தான் சார் ஒதுங்குச்சு.'

வேறு ஒரு வார்த்தை இல்லை. கையெழுத்தும் இல்லை. பால்பாண்டி எட்டிப் பார்த்து, "என்னண்ணே, படத்துல கிறுக்கியிருக்காங்க?" என்றார். யாரோ பைத்தியம் என்றேன். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தால் எதிரில் அதே படம். என் படம் என்று மனைவி சாமி படங்களுக்கு நடுவில் மாட்டியிருக்கிறாள். கழற்று என்றேன். "ஏன், நல்லாத்தான இருக்கு? வருசம் முடியட்டும்" என்றாள்.

அறுபதாயிரம் வீட்டில் அந்தக் கட்டை கிடக்கிறது. டிசம்பர் வரை கிடக்கும்.